கதவு பூட்டு

தற்காலிக இணைப்பு, மீட்டர் எண் முடிவது 618இல்.
அதைப் படிக்கத்தான் உள்ளே போனேன்.
செருப்பைக் கழற்றவா என்றதற்கு
வரவேற்பில் இருந்த பெண் சிரித்தாள்.
தரை அப்படி மின்னியது.

இனிமேல் கட்டப்போகும் நாற்பத்திரண்டு மாடியும்
கண்ணாடிப் பெட்டிக்குள் முழங்கால் உயரத்தில் நின்றது.
அதற்குப் பின்சுவரில் ஓர் ஓவியம்,
நான் கை விரித்தால் எட்டாத அகலம்:
போன வருஷம் வரை
கிர்காவில் இதே மண்ணில் இருந்த சந்து.

சட்டென்று அடையாளம் தெரியவில்லை.
பதினெட்டு வருஷம் மாதாமாதம் வந்துபோன இடம்தான்,
ஆனால் நான் முகப்பைப் பார்த்தவள் இல்லை.
எனக்கு ஹீராபாய் மேன்ஷன் என்றால்
படிக்கட்டுக்கு அடியில் ஒரு மரப்பலகை,
பலகையில் இருபத்தேழு மீட்டர்,
டார்ச் அடித்தால் சிதறும் கரப்பான்கள்,
பூனை மூத்திர வாடை.
பழைய மீட்டரில் காது வைத்தால்
சக்கரம் சுற்றுவது கேட்கும்,
யாரோ வாய்க்குள்ளேயே கணக்குப் போடுவதுபோல.

ஓவியர் தெருவில் நின்று பார்த்திருக்கிறார்.
மரக் கைப்பிடிகளில் பச்சை போய் நீலம் அடித்து,
நீலமும் போய்ச் சாம்பலான கதை
ஒரே தீற்றலில் இருக்கிறது.
மேல் விளிம்பில் வெடிப்பு, வெடிப்பில் அரசங்கன்று.
அதன் பக்கத்தில் ஒரு சிங்கத்தலை.
பதினெட்டு வருஷம் என் தலைக்கு மேல்
வாய் திறந்திருந்திருக்கிறது.
இன்றைக்குத்தான் தெரியும்.

ஒரு வயரைக்கூட வரையவில்லை.
சரி, அழகுக்கு ஆகாது.
வானத்தைத் துடைத்துவைத்த மாதிரி விட்டிருக்கிறார்.

பிறகுதான் கண்ணில் பட்டது.
மூன்றாம் மாடி, இடமிருந்து நாலாவது ஜன்னல்.
மஞ்சள் வெளிச்சம்.

அது பெட்னேகர் வீடு. மீட்டர் பத்தொன்பது.
எட்டு ரூபாய் கூட வந்திருக்கிறதென்று
பனியனும் இஸ்திரி போட்ட பேண்ட்டுமாக
பில்லோடு இறங்கி வந்து சண்டை போட்ட மனிதர்.
அவர் சொன்னதுதான் சரி.
முதலில் மாதம் அறுபது யூனிட்,
கணபதி வந்தால் எழுபத்தைந்து.
பிள்ளைகள் போனபின் நாற்பது.
அப்புறம் பன்னிரண்டு.
பன்னிரண்டு என்றால் நாற்பது வாட் பல்பு ஒன்று,
ராத்திரிக்குப் பத்து மணிநேரம், ஒரே ஆள்.
அப்புறம் பூஜ்யம்.

பூஜ்யம் வந்தால் மேலே போய்ப் பார்க்க வேண்டும், விதி.
மூன்று மாடி ஏறிப் பூட்டைப் பார்த்து
‘கதவு பூட்டு’ என்று எழுதி இறங்குவேன்.
பித்தளை பச்சையாயிற்று.
பக்கத்து வீட்டுக்காரி அதில்
துணிப்பை மாட்ட ஆரம்பித்தாள்.
2014இல் இணைப்பைத் துண்டித்தார்கள்.
அறிக்கை என் கையெழுத்து.

ஓவியத்தின் மூலையில் 2019 என்று போட்டிருக்கிறது.

சாயங்கால வெயில் கண்ணாடியில் பட்டதோ?
அந்த ஜன்னலில் கண்ணாடி ஏது, பிளைவுட்.
கொக்கி போட்டுத் திருடினார்களோ?
யாருக்காக?

அண்ணாந்து பார்த்தேன்.
சட்டத்தின் மேல் ஒரு சின்ன விளக்கு குனிந்து நிற்கிறது.
ராத்திரியும் அணைப்பதில்லையாம்.
பத்து வாட் இருக்கும்.
மாதம் ஏழு யூனிட், 618இன் கணக்கில்.
பெட்னேகரின் பன்னிரண்டில்
பாதிக்குக் கொஞ்சம் மேல்.

இதற்கு மேல் யோசிக்க எனக்கு நேரமில்லை,
இன்னும் நூற்றுப்பத்து மீட்டர் பாக்கி.
திரும்பும்போது ஓவியத்தின் அடியில்
வாசல் இருந்தது.
ஒரே இழுப்பில் போட்ட கருப்பு.
உள்ளே போய் இடதுபக்கம் திரும்பினால் படிக்கட்டு,
படிக்கட்டுக்கு அடியில் பலகை.

கை தானாக டார்ச்சை எடுத்துவிட்டது.
வட்டம் கருப்பின் மேல் விழுந்தது.
குனிந்து, கண்ணைச் சுருக்கி,
இடமிருந்து எண்ணத் தொடங்கியிருந்தேன்.

“மேடம்,” என்றாள் அந்தப் பெண்.
“மீட்டர் அந்தப் பக்கம்.”